செய்தி நடையில் குற்ற நாவல் – ஓர் ஆய்வு

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு)



‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம் முன்னோர் வாக்கு. பள்ளியில் கட்டுரைப் பயிற்சிக்காக எல்லோரும் இதை மனப்பாடம் செய்திருப்போம். ஆனால் இந்தப் பழமொழியை முதலாக வைத்தே பிழைக்கின்ற ஒரு நாவல் வகை உண்டு. நடந்த குற்றத்தை நிருபர் எழுதுவது போலவே தேதி, இடம், சாட்சி எல்லாம் போட்டு எழுதப்படும் நாவல் அது.

இதில் இரண்டு பிரிவு சொல்லலாம். ஒன்று, உண்மையிலேயே நடந்த குற்றத்தை நாவல் போல எழுதுவது. மற்றொன்று, கற்பனையைக் கலந்து செய்தி போல எழுதுவது. ஹாஸ்டலில் இரவு பத்து மணிக்கு மேல் பார்த்தால் நம்மில் பாதிப் பேர் ஏதாவது ஒரு க்ரைம் கதையில்தான் மூழ்கி இருக்கிறோம். புத்தகமாகவோ, செல்போனிலோ, சினிமாவாகவோ. இவ்வளவு விரும்பிப் படிக்கிற ஒன்றை எப்படிப் படிப்பது என்று ஒரு நாளாவது யோசித்துப் பார்க்க வேண்டாமா? அந்த முயற்சியே இக்கட்டுரை.

1. பேப்பர் நடை என்றால் என்ன?

எங்கள் கொல்லிமலையில் செய்தித்தாள் பஸ்ஸில்தான் ஏறி வரும். டீக்கடை பெஞ்சில் ஒருவர் சத்தமாகப் படிக்க, நாலு பேர் கேட்பார்கள். அதில் முதலில் படிக்கப்படுவது கொலைச் செய்திதான். 1942-இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற எளிய தமிழில் செய்தி எழுதியது. தமிழ்நாட்டு டீக்கடைகளில் பேப்பர் படிக்கிற பழக்கம் பரவியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு என்றால் மிகையாகாது.

அந்தக் குற்றச் செய்திக்கு என்று ஒரு நடை உண்டு. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வயது இருக்கும். ஊர், தெரு, நேரம் சரியாக இருக்கும். ‘மர்ம நபர்’ வருவார். ‘சரமாரியாக’ என்ற சொல் வரும். போலீசார் ‘வலைவீசித் தேடி’ வருவார்கள். அந்தப் பகுதியில் ‘பெரும் பரபரப்பு’ நிலவும். கடைசி வரி ‘விசாரணை நடைபெற்று வருகிறது’ என்று முடியும். மறுநாள் பேப்பரில் வேறு ஊர், வேறு கொலை. அந்த விசாரணை என்ன ஆச்சு என்று யாருக்கும் தெரியாது.

இந்த நடையின் உயிர் இரண்டு சொற்களில் இருக்கிறது: ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’. இலக்கண வகுப்பில் செய்வினை, செயப்பாட்டு வினை என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? ‘கண்ணன் பந்தை அடித்தான்’ என்றால் செய்வினை. ‘பந்து அடிக்கப்பட்டது’ என்றால் செயப்பாட்டு வினை. இரண்டாவதில் கண்ணன் காணாமல் போய்விடலாம். வாக்கியம் அப்போதும் இலக்கணப்படி சரியாகவே இருக்கும்!

எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். எங்க ஆயாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டும்போது ‘முன்விரோதம் காரணமாகக் கொலை நடந்ததாகக் கூறப்படுகிறது’ என்று படித்தால், அது உடனே “யாருடா கூறுனாங்க?” என்று கேட்கும். படிக்கத் தெரியாதவர் கேட்ட இந்தக் கேள்விதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கே சாவி. செய்தியின் செயப்பாட்டு வினையைப் பிடித்து இழுத்து, அதைச் செய்வினையாக மாற்றி, யார் யாரை என்ன செய்தார்கள் என்று சொல்ல வைப்பதே நல்ல குற்ற நாவலின் வேலை. (மலைக்காரன் ‘செய்வினை’ என்றதும் மாந்திரீகம் என்று எண்ணிவிட வேண்டாம். நான் சொல்வது இலக்கணச் செய்வினை!)

2. நம் இலக்கியத்தில் குற்றக் கதை

இதற்கு வெளிநாடு வரை போக வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தையே ஒரு வழக்காகப் பாருங்கள். சிலம்பு விற்க மதுரைக்கு வந்த வெளியூர்க்காரன் கோவலன். பொற்கொல்லன் அவனைத் திருடன் என்கிறான். அரசன் விசாரிக்காமல் உத்தரவு போடுகிறான். கொலை நடந்துவிடுகிறது. பிறகு கண்ணகி வந்து சிலம்பை உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, இதில் இருந்து தெறிப்பது மாணிக்கம். இன்றைய மொழியில் சொன்னால் இது தடயப் பரிசோதனை. ஆனால் பரிசோதனை தண்டனைக்குப் பின்னால் நடந்ததுதான் கொடுமை.

இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். கண்ணகி வேங்கை மரத்தடியில் நின்று விண்ணுலகு போனதைக் கண்டவர்கள் யார்? மலைக்குறவர்கள். அவர்கள் வந்து சேரனிடம் சொல்கிறார்கள். மதுரையில் நடந்ததைச் சாத்தனார் சொல்கிறார். இரண்டையும் சேர்த்துத்தான் காப்பியம் பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. அதாவது தமிழின் பெரும் குற்றக் கதைக்கு முதல் சாட்சிகள் மலைவாசிகள். அவர்கள் சொன்னதை அரசன் நம்பினான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உரைநடைக்கு வந்தால், ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி அய்யங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோர் துப்பறியும் நாவல்களைப் பிரபலப்படுத்தினார்கள். தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று வரிசை நீளும். பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் கயிற்றில் தொங்கிய பாக்கெட் நாவல்கள்தான் பல பேரைப் படிக்க வைத்தன. அதை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் அவற்றில் கேள்வி ஒன்றுதான்: கொன்றது யார்? கடைசிப் பக்கத்தில் விடை கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடலாம்.

நடந்த குற்றமோ அப்படி மூடுவதில்லை. 1952 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆளவந்தார் கொலை வழக்கைச் சொல்லலாம். பேனா வியாபாரியான அவருடைய தலையில்லாத உடல், ரயிலில் ஏற்றிவிட்ட டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரையில் அகப்பட்டது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒரே ஆளுடையவைதான் என்று சென்னை மருத்துவர்கள் நிறுவினார்கள். கற்பனைக் கதையாக இருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கோர்ட்டில் கேள்வி வேறாக இருந்தது: ஏன் கொன்றார்கள்? கொல்லும் அளவுக்கு அவர்களைத் தூண்டியது என்ன? வழக்கை விசாரித்த நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச அய்யர் ஓர் எழுத்தாளரும்கூட. குற்றவாளிகளுக்கு அவர் தூக்குத் தண்டனை விதிக்கவில்லை, சிறைத் தண்டனைதான் விதித்தார். ‘யார்’ என்பதைவிட ‘ஏன்’ என்பது பெரிய கேள்வி என்று காட்டிய வழக்கு இது.

3. வெளிநாட்டில் இருந்து இரண்டு பாடங்கள்

இந்த வகை நாவலை உலகப் புகழ் பெறச் செய்தவர் அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கப்போட்டி. 1959 நவம்பர் 15 அன்று கான்சாஸ் மாநிலத்தின் ஹோல்கம் என்ற சிற்றூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் நாலு பேர் கொல்லப்பட்டனர். செய்தியைப் பேப்பரில் பார்த்த கப்போட்டி நேரே அங்கே போனார். ஊராரிடம் பேசினார், போலீசிடம் பேசினார், பிடிபட்ட இருவரிடமும் சிறையில் பேசினார். 1965 ஏப்ரலில் அந்த இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். 1966-இல் ‘இன் கோல்ட் ப்ளட்’ புத்தகமாக வந்தது. தன் புத்தகம் முழுக்க உண்மை என்றே அவர் சொல்லிக்கொண்டார். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் நடப்பதாக வரும் கடைசிக் காட்சி நடக்கவே இல்லை, அவர் சேர்த்தது என்று பின்னாளில் தெரிய வந்தது.

இதை நம்மைப் போல் யார் புரிந்துகொள்வார்கள்? லேபில் முதலில் அப்சர்வேஷன் நோட்டு, பிறகுதான் ரெக்கார்ட் நோட்டு. அப்சர்வேஷனில் இல்லாத ரீடிங் ரெக்கார்டில் இருந்தால் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஒரு பார்வையிலேயே பிடித்துவிடுவார். ஒரு ரீடிங் பொய் என்று தெரிந்தால் மற்ற பத்து ரீடிங்கையும் சந்தேகமாகப் பார்ப்பார். ‘எல்லாம் உண்மை’ என்று அட்டையில் போட்டுக்கொள்ளும் எழுத்தாளருக்கும் அதே கதிதான்.

இரண்டாமவர் கொலம்பியா நாட்டின் கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ். அவரும் பத்திரிகை நிருபராக இருந்தவர். 1951-இல் சுக்ரே என்ற ஊரில் நடந்த ஒரு கொலையை அடிப்படையாகக் கொண்டு, 1981-இல் ஒரு சிறு நாவலை எழுதினார். ஒருவன் கொல்லப்படப் போகிறான் என்பது ஊருக்கே முன்கூட்டித் தெரியும், ஆனாலும் கொலை நடந்துவிடுகிறது என்பதே கதை. பல ஆண்டு கழித்து ஒருவர் ஊருக்குத் திரும்பி வந்து நிருபர் போல ஒவ்வொருவரையாக விசாரிக்கிறார். சாட்சிகள் முரண்படுகிறார்கள். அன்று காலை மழை பெய்ததா, வெயில் அடித்ததா என்பதில்கூட ஒற்றுமை இல்லை. மார்க்கேஸ் அந்த முரண்களை மறைக்கவில்லை, அப்படியே வைத்தார். பெயர்களையும் மாற்றினார். நாவல் என்றுதான் சொன்னார். இது நேர்மையான வழி என்பது என் கருத்து.

4. லட்சுமிகாந்தன் வழக்கு சொல்லும் எச்சரிக்கை

குற்றத்தைச் சுவையாக எழுதுவது ஒன்று. சுவைக்காகக் குற்றத்தை எழுதுவது வேறு. இதற்குத் தமிழ்நாட்டின் மிகப் பிரபலமான உதாரணம் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு.

சி.என். லட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’ என்றும் பிறகு ‘இந்து நேசன்’ என்றும் பத்திரிகை நடத்தியவர். நடிகர் நடிகையர், பெரிய மனிதர்கள் ஆகியோரின் அந்தரங்கம் என்று சொல்லி எழுதுவதே அவற்றின் சரக்கு. அந்தக் காலத்து ‘கூறப்படுகிறது’ அது. 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரிப் பக்கம் அவர் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். தமிழ் சினிமாவின் உச்சத்தில் இருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரும், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். பாகவதரின் ‘ஹரிதாஸ்’ படம் அந்தத் தீபாவளிக்கு வெளியாகித் தியேட்டரில் கூட்டம் அலைமோதிய நேரம் அது. 1945-இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அப்பீலுக்குப் பிறகு வழக்கு மீண்டும் ஐகோர்ட்டுக்கு வந்து, 1947-இல் விடுதலை ஆனார்கள்.

வெளியே வந்த கலைவாணர் மீண்டும் நடித்தார், சிரிக்க வைத்தார். பாகவதரால் பழைய இடத்தைப் பிடிக்க முடியவில்லை. 1959-இல் அவர் காலமானார். கொன்றது யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

இந்த வழக்கை வைத்து எத்தனையோ கட்டுரைகளும் கதைகளும் வந்துவிட்டன. இதில் நமக்குப் பாடம் என்ன? முதலில், சரிபார்க்காமல் எழுதிய பேனா பல குடும்பங்களின் மானத்தை ஏலம் போட்டது. அடுத்து, அப்படி எழுதினவர் என்பதற்காக அவரைக் கொன்றது நியாயம் ஆகிவிடாது. அவரும் நீதி கிடைக்காத ஒரு கொலையுண்டவர்தான். மூன்றாவதாக, கோர்ட் விடுவித்தாலும் ஊர் வாய் விடுவிக்க நாளாகும். செய்தி நடையில் நாவல் எழுதுபவர் இந்த மூன்றையும் மேஜை மேல் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும்.

சட்டமும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. பல கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது, சிறைத்துறை எச்சரிக்கை விடுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் போனது. 1994 அக்டோபர் 7 அன்று நீதிபதிகள் பி.பி. ஜீவன் ரெட்டி, எஸ்.சி. சென் ஆகியோர் தீர்ப்பளித்தனர். அரசு முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்க முடியாது. கோர்ட் ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் இருப்பதை ஒருவரின் சம்மதம் இல்லாமலும் எழுதலாம். ஆனால் அதைத் தாண்டி ஒருவரின் தனி வாழ்க்கைக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தால் எழுதியவர் பொறுப்பு ஏற்க வேண்டும் என்பதே அதன் சாரம். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது என்றும் அத்தீர்ப்பு சொன்னது. ஆட்டோ சங்கர் 1995 ஏப்ரல் 27 அன்று நமக்கு அடுத்த சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் பெயர் போன தலைமுறைக்குத் திகில் கதை. ஆனால் அவர் பெயரால் வந்த தீர்ப்பு இன்றும் வக்கீல்கள் மேற்கோள் காட்டுகிற சட்டம்.

5. லாக்கப்: குற்றவாளி யார்?

இப்போது நம் காலத் தமிழுக்கு வருவோம். மு. சந்திரகுமார் கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர். 1983-இல் வீட்டை விட்டுப் போய், ஆந்திராவின் குண்டூரில் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர். சந்தேகத்தின் பேரில் அவரையும் நண்பர்களையும் போலீஸ் பிடித்தது. செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடித்தார்கள். நாள்கணக்கில் லாக்கப், பிறகு மாதக்கணக்கில் சிறை. பின்னாளில் அவர் அதை ‘லாக்கப்’ என்ற நாவலாக எழுதினார். வெற்றிமாறன் இயக்கிய ‘விசாரணை’ படத்தின் முற்பகுதி இந்த நாவலை ஒட்டியது. 2015-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட படம் அது. 2016-இல் இங்கே வெளியானது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது.

இந்த நிகழ்ச்சி ஒரு செய்தித்தாளில் வந்திருந்தால் எப்படி வந்திருக்கும்? ‘திருட்டு வழக்கில் வாலிபர்கள் கைது. விசாரிக்கப்பட்டு வருகின்றனர்’ என்று இரண்டு வரி, ஐந்தாம் பக்கத்து மூலையில். அவ்வளவுதானே? ‘விசாரிக்கப்பட்டு’ என்ற அந்த ஒரு செயப்பாட்டு வினையைத்தான் சந்திரகுமார் ஒரு புத்தகமாகப் பிரித்துக் காட்டினார். யார் அடித்தார், எதனால் அடித்தார், அடி வாங்கினவன் என்ன நினைத்தான் என்பதெல்லாம் வெளியே வந்தது.

இதில் இரண்டு சிறப்பு எனக்குத் தோன்றுகிறது. வழக்கமான க்ரைம் நாவலில் போலீஸ் துப்பறியும், வாசகன் கூடவே ஓடுவான். இங்கே துப்பறிய வேண்டியவர்களே குற்றம் செய்கிறார்கள். வாசகன் லாக்கப் கம்பிக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறான். அடுத்தது, எழுதியவர் பெரிய பட்டம் வாங்கினவர் அல்ல. ஆட்டோ ஓட்டியவர். தனக்கு நடந்ததைத் தானே எழுதினார். சாட்சியே எழுத்தாளர் ஆனது, தமிழுக்கு எவ்வளவு பெரிய வரவு!

நண்பர்களே, டிப்ளமோ முடித்து நாமும் திருப்பூர், ஓசூர், பெங்களூர், ஐதராபாத் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள்தான். மொழி தெரியாத ஊரில், அடையாள அட்டை இல்லாமல், ராத்திரி ஷிப்ட் முடிந்து நடந்து வருகிறவர்கள்தான். கோவலன் சிலம்பு விற்கப் போனது போல நாம் உழைப்பை விற்கப் போகிறோம். அதனால் இந்த நாவல் நமக்குப் பொழுதுபோக்கு மட்டும் அல்ல.

6. மலையும் ‘ஒர்க் ஷாப்’பும்

‘ஒர்க் ஷாப்’ என்றால் நமக்கு என்ன நினைவு வரும்? காக்கிச் சட்டை, ஃபைல், வைஸ், ஃபிட்டிங் ஜாப், வெல்டிங் பொறி. ஆனால் வீரப்பன் தேடுதல் வேட்டை நடந்த காலத்தில், மாதேஸ்வரன் மலைப் பகுதி மக்களுக்கு ‘ஒர்க் ஷாப்’ என்ற சொல் வேறு பொருளில் பழக்கமானது. அதிரடிப்படை மலைவாசிகளை அடைத்து வைத்துச் சித்திரவதை செய்த கூடத்துக்கு அங்கே அந்தப் பெயர்.

மனித உரிமைப் பணியில் இருந்த வழக்கறிஞர் ச. பாலமுருகன் 2004-இல் வெளியிட்ட ‘சோளகர் தொட்டி’ இந்தக் கொடுமையைச் சொல்லும் நாவல். தொட்டி என்பது சோளகர் பழங்குடியினர் வாழும் சிற்றூர். வீரப்பன் கதையைப் பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் எழுதின. மீசை, துப்பாக்கி, சந்தனக் கட்டை, யானைத் தந்தம், கடத்தல். அந்தக் கதையில் மலை மக்கள் ஓரத்தில் நின்றார்கள். ஒன்று வீரப்பனுக்கு அரிசி கொடுத்தவர்கள், அல்லது போலீசுக்குத் துப்புக் கொடுத்தவர்கள். பாலமுருகன் அந்த ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவந்தார்.

அவர் கதையை அமைத்த முறையைப் பாருங்கள். செய்தி குற்றத்தில் தொடங்கும்: ‘நேற்று இரவு’ என்று. இந்த நாவலின் முற்பாதியில் வாழ்க்கைதான் இருக்கிறது. நிலம், விதைப்பு, தெய்வம், பாட்டு, ஊர்த் தலைவரான கொத்தல்லி, பறிபோகும் காடு. பிற்பாதியில்தான் படை வருகிறது. அதற்குள் அந்த மனிதர்கள் நமக்கு உறவாகிவிடுகிறார்கள். எனவே அவர்கள் மேல் விழும் அடி, எண்ணிக்கையாக இல்லாமல் ஒவ்வொன்றாக விழுகிறது.

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. மலை மக்கள் குழுவின் முன் வந்து சாட்சி சொன்னார்கள். 2007-இல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. நாவலும் விசாரணைக் குழுவும் ஒரே சாட்சிகளைத்தான் இரண்டு விதமாகக் கேட்டன எனலாம்.

இன்னும் நமக்கு நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. அங்கே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். இங்கே மலையாளி என்றால் கேரளத்தவர் அல்ல. கொல்லிமலை, கல்வராயன் மலை, சேர்வராயன் மலை, சித்தேரி ஆகியவற்றில் வாழும் தமிழ் பேசும் மலைக்குடிகள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறையினர் ஊருக்குள் புகுந்தார்கள். மக்களை அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். மக்கள் மேலேயே கடத்தல் வழக்கும் போட்டார்கள். அதிகாரிகள் தரப்பு எதுவும் நடக்கவில்லை என்று மறுத்தது.

ஊர் மக்களும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடவில்லை. சி.பி.ஐ. விசாரணை வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 அரசு ஊழியர்கள். வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி கோர்ட் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை ஐகோர்ட் அதை உறுதி செய்தது. தீர்ப்புக்கு முன் நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார்.

சிலப்பதிகாரத்தில் மலைவாசி சாட்சி, அவன் சொல்லை அரசன் நம்பினான். வாச்சாத்தியில் மலைவாசி முதலில் சந்தேக நபர். அவன் சாட்சி ஆக 19 ஆண்டு ஆச்சு. செய்தி நடையில் ஒரு நாவல் வரும்போது அதில் யார் சாட்சி, யார் சந்தேக நபர் என்று எழுத்தாளர் எப்படிப் பிரிக்கிறார் என்பதே அதன் தரத்தை அளக்கும் அளவுகோல்.

7. நம் மலையை வைத்து ஒரு நாவல் எழுதினால்?

கொல்லிமலை என்றாலே மர்மக் கதை எழுதுபவர்களுக்கு ஓர் உற்சாகம். பெயரிலேயே ‘கொல்’ இருக்கிறது. சங்கப் பாடல்களில் கொல்லிப்பாவை இருக்கிறாள். சித்தர் குகை, மூலிகை, எட்டுக்கை அம்மன் எல்லாம் இருக்கின்றன. உடனே மாந்திரீகம், ரத்தபலி, பேசாமல் முறைக்கும் மலைவாசி என்று கதை கிளம்பிவிடும்.

நிருபர் நடையில் எழுதுகிறவர் முதலில் பஸ் ஏறி வர வேண்டும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் எண்ணி ஏற வேண்டும். கொலைகாரன் பத்து நிமிடத்தில் பைக்கில் இறங்கித் தப்பினான் என்று எழுதினால், எங்கள் ஊர்ச் சின்னப் பையன்கூடச் சிரிப்பான். சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசி, பலா, மிளகு விற்க வருகிறவர்கள் யார் யாரைப் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும். மலையில் ஒரு புது முகம் நடந்து போனால் நாலு ஊருக்குத் தெரியும். இங்கே ‘மர்ம நபர்’ என்று ஒருவர் இருப்பதே கடினம்! பனி இறங்கினால் பத்தடி தூரம் தெரியாது. ஆகவே ‘தூரத்தில் நின்று பார்த்தேன்’ என்று சாட்சி சொன்னால் அன்று பனி இருந்ததா என்று கேட்க வேண்டும். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு என்று இங்கே ஊர்த் தொகுதிகளுக்கு ‘நாடு’ என்றே பெயர். ஒரு பிரச்சினை போலீஸ் ஸ்டேஷன் போகும் முன் ஊரில் எப்படிப் பேசப்படுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

சுருங்கச் சொன்னால் நிலம் தெரியாமல் குற்றம் எழுத முடியாது. நிலம் தெரிந்தால் மாந்திரீகம் தேவைப்படாது. கடன், பத்திரம், எல்லைக் கல், காடு, சாராயம், காதல், சாதி என்று உண்மையான காரணங்கள் தாமே வந்து வரிசையில் நிற்கும்.

8. படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள்

இதுவரை பார்த்தவற்றைத் தொகுத்தால், இந்த வகை நாவலைக் கையில் எடுக்கும்போது ஐந்து கேள்விகள் கேட்கலாம்.

1. இது உண்மை என்று சொல்கிறதா, நாவல் என்று சொல்கிறதா? இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் எச்சரிக்கை தேவை.

2. ஒவ்வொரு ‘கூறப்படுகிறது’க்கும் பின்னால் கூறியவர் இருக்கிறாரா? போலீஸ் தரப்பு மட்டும்தானா, மறு தரப்பும் உண்டா?

3. கோர்ட் என்ன சொன்னது? கைது என்பது தீர்ப்பு அல்ல. பாகவதரையும் கலைவாணரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

4. இறந்தவருக்குக் கதையில் உயிர் இருக்கிறதா? அல்லது முதல் பக்கத்துப் பிணம் மட்டும்தானா?

5. படித்து முடித்தபின் நமக்கு யார் மேலாவது வெறுப்பு வந்திருந்தால், அது ஒரு மனிதர் மேலா, ஒரு சாதி, ஓர் ஊர், ஒரு மலை மேலா? பின்னது என்றால் நாவலில் கோளாறு.

முடிவுரை

செய்தி அவசரத்தில் எழுதப்படுவது. நிருபருக்கு இரவுக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. செய்தி ‘விசாரணை நடைபெற்று வருகிறது’ என்று நின்ற இடத்திலிருந்து நடப்பதற்கு நேரமும் பொறுமையும் உள்ளவர் வேண்டும். அந்த ஆள்தான் நாவலாசிரியர். அவர் செய்தியின் நம்பகத்தைக் கடன் வாங்குகிறார். அந்தக் கடனை உண்மையாலேயே அடைக்க வேண்டும்.

நம் கல்லூரியில் மலையிலிருந்தும் மலையடியிலிருந்தும் வருகிறவர்கள் பலர். வீட்டில் முதல் தலைமுறையாகப் பேனா பிடித்தவர்கள். நம் ஊர்களில் நடந்தவை பல, போலீஸ் ரிக்கார்டில் இரண்டு வரியாகக் கிடக்கின்றன. அவற்றைக் கண்ட பெரியவர்களோ இன்னும் உயிரோடு திண்ணையில் இருக்கிறார்கள். இந்த லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வதைத் தேதி போட்டு, சொன்னவர் பெயரோடு, சொன்னபடியே எழுதிவையுங்கள். நாவல் வருகிறதோ இல்லையோ, சாட்சி மிஞ்சும்.